மைக்கைக் கடைசியில் தொடுங்கள்: இளைஞர்களுக்கான எச்.ஐ.வி. தடுப்பு வானொலித் தொடர் தயாரிக்கும் முறை

சமுதாய வானொலிக்குப் புதிதாக வருபவர்களிடம் எச்.ஐ.வி. பற்றி ஒரு நிகழ்ச்சி தயாரிக்கச் சொன்னால், நேராக ஒலிப்பதிவு அறைக்குள் போய் மைக் முன் உட்கார்ந்துவிடுகிறார்கள். "எய்ட்ஸ் ஒரு கொடிய நோய்" என்று தொடங்கும் உரை அரை மணி நேரத்தில் தயாராகிவிடும். பின்னணிக்குச் சோகமான புல்லாங்குழல். உலக எய்ட்ஸ் நாளான டிசம்பர் 1 அன்று ஒலிபரப்பு. அதன் பிறகு அந்தப் பேச்சு எழுவது அடுத்த டிசம்பரில்தான்.

என் முதல் நிகழ்ச்சியும் இதே மாதிரிதான் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு தொடர்களாகச் செய்து பார்த்தும், புதியவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கவனித்தும் நான் வந்து சேர்ந்த வரிசை இது. இதில் மைக் ஒன்பதாவது படியில்தான் வருகிறது.

நான் மனத்தில் வைத்திருப்பது 100 வாட் ஒலிபரப்பியும் பத்துக் கிலோமீட்டர் சுற்றுவட்டாரமும் கொண்ட ஒரு சிறிய நிலையம். வாரம் ஒரு நிகழ்ச்சி, 15 நிமிடம், மொத்தம் 13 வாரம்.

தொடங்குவதற்கு முன்

ஆட்கள் ஐந்து பேர் போதும். இளவயதுக் குரல் உள்ள ஒரு பெண், ஓர் ஆண், எழுதுபவர் ஒருவர், ஒலியைத் தொகுப்பவர் ஒருவர், தொலைபேசியைக் கவனிப்பவர் ஒருவர். ஐந்தாவது ஆளைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர் இல்லாமல் தொடங்க வேண்டாம், காரணம் 11-ஆம் படியில் வரும்.

ஆறாவதாக ஒருவர் வெளியிலிருந்து வேண்டும். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் அவர். சம்பளத்துக்கு வருபவர் அல்லர் என்பதால், முதல் சந்திப்பிலேயே மாதத்துக்கு எத்தனை மணி நேரம் தர முடியும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

காலம், முதல் ஒலிபரப்புக்கு முன் எட்டு வாரம். நிலைய நிர்வாகத்திடம் தலைப்புப் பட்டியலைக் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நான்காவது நிகழ்ச்சியில் "ஆணுறை" என்ற சொல் ஒலித்ததும் நிர்வாகம் பதறிப்போய்த் தொடரையே நிறுத்துவது நடந்திருக்கிறது. கையெழுத்து இருந்தால் அந்த நாளில் பேச ஓர் இடம் கிடைக்கும்.

1. யாருக்கு என்பதை ஒரே வரியில் எழுதுங்கள்

"இளைஞர்களுக்காக" என்று எழுதினால் அது எவருக்குமான நிகழ்ச்சி ஆகாது. ஐ.டி.ஐ.யில் படிக்கும் பதினேழு வயதுப் பையனின் கேள்வி வேறு. நூற்பாலை விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கேள்வி வேறு. லாரியில் கிளீனராகப் போகிறவனுக்கு இருவரின் கேள்வியும் புரியாது. ஒரு தொடருக்கு ஒரு கூட்டம் என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து, அவர்கள் எதில் கேட்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான கைபேசிகளில் எஃப்.எம். கேட்க வயர் உள்ள இயர்போன் தேவை, அந்த வயர்தான் ஆன்டெனா. காதில் வயரில்லாக் கருவி மாட்டியிருப்பவரிடம் உங்கள் நிகழ்ச்சி போய்ச் சேராது. சில புதிய கைபேசிகளில் எஃப்.எம். வசதியே இல்லை. எனவே இருபது பேரிடம் கைபேசியை வாங்கி நீங்களே நிலையத்தைத் திருப்பிப் பாருங்கள். பாதிப் பேருக்கு வரவில்லை என்றால், அதே ஒலிக்கோப்பை வாட்ஸ்ஆப்பிலும் அனுப்பத் திட்டமிட வேண்டும்.

வானொலியில் இன்னொரு சிக்கல் உண்டு. இயர்போனில் கேட்பவருக்கு அது அந்தரங்கம். அடுப்படியில் ஒலிக்கும் பெட்டிக்கு முன்னால் பாட்டியும் இருப்பார், எட்டு வயதுக் குழந்தையும் இருக்கும். ஆகவே நேரத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டேன். கதையும் பொதுக் கேள்விகளும் மாலை ஏழு மணிக்கு. உடலுறுப்புகளின் பெயரைச் சொல்லி விளக்க வேண்டியவை இரவு ஒன்பதரைக்கு, அதுவும் முந்தைய வாரமே அறிவித்துவிட்டு.

2. மறுமுனையில் கதவு திறந்திருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள்

உரை எழுதுவதற்கு முன் இதைச் செய்யச் சொல்வதற்கு ஒரு கதை உண்டு. என் ஆரம்பகாலத் தொடர் ஒன்றில் "அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகுங்கள்" என்று வாரந்தோறும் சொன்னோம். ஒரு பையன் உண்மையாகவே அணுகினான். புறநோயாளிச் சீட்டு வரிசையில் நின்றான். "என்ன விஷயமா வந்தே?" என்று சீட்டுப் போடுபவர் வரிசைக்கே கேட்கும்படி விசாரித்தார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு, காய்ச்சல் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டான். இதை அவனே பிறகு தொலைபேசியில் சொன்னான். நாங்கள் சொன்ன வாக்கியத்தில் பிழை இல்லை. ஆனால் அது அவனை அந்த வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது.

எனவே ஒரு சாதாரண ஆளாக மருத்துவமனைக்குப் போங்கள். நம்பிக்கை மையம் எந்தக் கட்டடம், எந்த அறை, எந்த நாள், எத்தனை மணி வரை, சீட்டு வரிசையில் நிற்காமல் நேராகப் போக முடியுமா, ஆலோசகர் ஆணா பெண்ணா என்று குறித்துக்கொள்ளுங்கள். பால்வினை நோய்களுக்கான சுகவாழ்வு மையத்தையும், எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தையும் இதே மாதிரி பாருங்கள். இரவு நேரத்தில் அவசரமாக வருபவர் எங்கே போக வேண்டும் என்றும் விசாரியுங்கள். 72 மணி நேர விவகாரம் ஒன்று இருக்கிறது, நான்காம் படியில் சொல்கிறேன்.

ஆலோசகரிடம் தவறாமல் கேட்க வேண்டியது வயது பற்றிய கேள்வி. 18 வயது நிரம்பாதவருக்குப் பரிசோதனை செய்யப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் கேட்பார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் "வீட்டுக்குத் தெரியாமல் பரிசோதித்துக்கொள்ளலாம்" என்று பதினேழு வயதுக்காரனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டால், அவன் உங்களை மட்டுமல்ல, அந்த மையத்தையும் இனி நம்பமாட்டான்.

எச்.ஐ.வி. உதவிக்கான 1097 என்ற இலவசத் தொலைபேசி எண்ணையும் நீங்களே அழைத்துப் பேசிப் பாருங்கள். பேசிப் பார்க்காத எண்ணை வானொலியில் சொல்லக் கூடாது என்பது எங்கள் நிலையத்தில் நான் போட்ட விதி.

3. கேள்விப் பெட்டி

தொடரின் முதுகெலும்பு இதுதான். உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தால், அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததைத் திரும்பச் சொல்வதாகத்தான் முடியும். கொசு கடித்தால் எச்.ஐ.வி. வராது என்று பள்ளிச் சுவரிலேயே எழுதியிருக்கிறது. அவர்கள் மனத்தில் குடைவது வேறு கேள்வி.

கல்லூரி என்றால் எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்கான மாணவர் அமைப்பான செஞ்சுருள் சங்கத்தின் வழியாகவும், ஆலை விடுதி என்றால் காப்பாளர் வழியாகவும் அனுமதி வாங்குங்கள். புதியவர்கள் செய்யும் பிழை, நடைபாதையில் பெட்டியைத் தொங்கவிட்டு "கேள்விகளைப் போடவும்" என்று எழுதி வைப்பது. அந்தப் பெட்டியை நெருங்குகிறவளை நூறு கண்கள் பார்க்கும். ஒரு மாதம் கழித்துத் திறந்தால் இரண்டு மிட்டாய்க் காகிதங்கள் இருக்கும்.

சரியான முறை இது. எல்லோருக்கும் ஒரே அளவுத் தாள், ஒரே நிறப் பென்சில். எல்லோரும் எதையாவது எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர் "கேள்வி இல்லை" என்று மூன்று முறை எழுதட்டும். எல்லோரும் மடித்துப் போட வேண்டும். எல்லோர் கையும் அசையும்போது யார் கேட்டார் என்பது யாருக்கும் தெரியாது.

தாள்களை அன்றே நிலையத்துக்கு எடுத்துவந்து தட்டச்சு செய்து, அசலைக் கிழித்துப்போடுங்கள். ஒரு கல்லூரியில் நிர்வாகி ஒருவர் "எங்கள் பிள்ளைகள் என்னதான் கேட்கிறார்கள், பார்க்கிறேன்" என்று கை நீட்டினார். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க ஓர் ஆசிரியருக்கு ஐந்து நிமிடம் போதும். பெட்டியைத் திறப்பது நிலையத்தில்தான் என்பதை அனுமதி வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வரும் கேள்விகளைத் திருத்தாமல் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தவற்றில் சில இவை. கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் எச்.ஐ.வி.யும் வராதுதானே? திருவிழாவில் பச்சை குத்திக்கொண்டேன், பயமாக இருக்கிறது. ரத்த தானம் செய்தால் இலவசமாகப் பரிசோதித்துச் சொல்லிவிடுவார்களா? எனக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பரிசோதனை செய்யச் சொன்னால் கல்யாணம் நின்றுவிடுமா? இந்தக் கடைசிக் கேள்வியை எந்தத் துண்டறிக்கையிலும் நான் பார்த்ததில்லை.

4. உண்மைத் தாள்

ஒரே பக்கம். நிகழ்ச்சியில் வரக்கூடிய மருத்துவச் செய்தி அத்தனையும் அதில் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். ஆலோசகரோ மருத்துவரோ படித்துக் கையெழுத்திட வேண்டும். அதில் இல்லாத மருத்துவச் செய்தியைத் தொகுப்பாளர் வாயில் வந்தபடி சொல்லக் கூடாது. நேரம் மிஞ்சினால் பாட்டுப் போடலாம், புள்ளிவிவரம் இட்டுக்கட்டக் கூடாது.

பரவும் வழிகள் நான்கு: ஆணுறை இல்லாத உடலுறவு, பகிர்ந்துகொண்ட ஊசி, பரிசோதிக்கப்படாத ரத்தம், தாயிடமிருந்து குழந்தைக்கு. தொடுவது, சேர்ந்து சாப்பிடுவது, ஒரே கழிப்பறை, கொசு ஆகியவற்றால் பரவாது. கருத்தடை மாத்திரை கர்ப்பத்தை மட்டுமே தடுக்கும்.

ஜன்னல் காலத்தைப் பற்றி ஒரு பத்தி கண்டிப்பாக வேண்டும். தொற்று ஏற்பட்ட உடனே செய்யும் பரிசோதனையில் அது தெரியாமல் போகலாம். ஆகவே ஆபத்து நேர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிக்கச் சொல்வார்கள். இதனால்தான் தன் நிலையைத் தெரிந்துகொள்ள ரத்த தான முகாமுக்குப் போவது தவறு. ஜன்னல் காலத்தில் இருப்பவரின் ரத்தம் பரிசோதனையைத் தாண்டி இன்னொருவர் உடம்புக்குள் போகக்கூடும். ஒருவருக்குத் தொற்று உள்ளது என்று சொல்வதற்கு முன், நம்பிக்கை மையத்தில் மூன்று வெவ்வேறு பரிசோதனைகள் செய்வார்கள் என்பதையும் சேருங்கள்.

அடுத்தது 72 மணி நேரம். ஆபத்தான தொடர்பு, ஊசிக் குத்து, பாலியல் வன்முறை ஆகியவற்றுக்குப் பிறகு தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. "திங்கட்கிழமை காலை வாருங்கள்" என்று சொல்லும் நிலையில் இந்த மருந்து இல்லை. அதனால்தான் இரவு எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே விசாரிக்கச் சொன்னேன்.

கடைசியாக, பலர் விட்டுவிடும் ஒரு செய்தி. தொடர்ந்து மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து, அந்த நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை. இதைச் சொன்னால் இளைஞர்கள் அஞ்சாமல் போய்விடுவார்கள் என்று ஒரு மூத்த ஒலிபரப்பாளர் என்னிடம் வாதிட்டார். பரிசோதனைக்கு வரவிடாமல் தடுப்பதே அந்த அச்சம்தான் என்பது என் அனுபவம்.

5. சொற்பட்டியல்

தாளின் நடுவில் கோடு போட்டு, சொல்லக் கூடாதவற்றை இடப்பக்கமும் அவற்றுக்குப் பதிலாகச் சொல்ல வேண்டியவற்றை வலப்பக்கமும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.

"உயிர்க்கொல்லி" போக வேண்டும். மருந்து சாப்பிட்டு வேலைக்குப் போய் வரும் ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். "எய்ட்ஸ் நோயாளி" என்பதற்குப் பதிலாக "எச்.ஐ.வி. உள்ளவர்" என்று சொல்லுங்கள். வைரஸுக்கும் அதன் முற்றிய நிலைக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது.

"தவறான உறவு", "முறையற்ற தொடர்பு" ஆகியவை இன்னும் மோசமானவை. திருமணமான பெண் அதைக் கேட்டதும் இது தனக்கான நிகழ்ச்சி இல்லை என்று அடுத்த நிலையத்துக்குத் திருப்பிவிடுவாள். "ஒருவனுக்கு ஒருத்தி" என்ற முழக்கத்துக்கும் இதே குறை உண்டு. அவள் ஒருவனோடு வாழ்கிறாள், அவன் எப்படி என்பது அவளுக்குத் தெரியாது. முழக்கத்தை நம்பியவளுக்கு அது எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. "ஆணுறை இல்லாத உடலுறவு" என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

"அப்பாவிக் குழந்தை", "அப்பாவி மனைவி" என்றால் மற்றவர்கள் எல்லாம் குற்றவாளிகள் என்று பொருளாகிவிடும். அதுவும் வேண்டாம்.

இளைஞர்கள் "காண்டம்" என்பார்கள், பெரியவர்களுக்கு "நிரோத்" என்றால்தான் புரியும், உரையில் "ஆணுறை" என்று எழுதுவோம். முதல் முறை மூன்றையும் சொல்லிவிடுங்கள்.

பிறகு சிரிப்பு. விந்து, பிறப்புறுப்பு, ஆசனவாய் என்ற சொற்கள் வந்ததும் தொகுப்பாளர் குரலில் ஒரு நெளிவு வரும். மைக் அதை மன்னிக்காது. தொகுப்பாளர்கள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பட்டியலை இருபது முறை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது முறை வரை சிரிப்பார்கள், பத்தாவது முறை எரிச்சல்படுவார்கள், பதினைந்துக்கு மேல் அவை கத்தரிக்காய், வெண்டைக்காய் மாதிரி வந்துவிடும்.

6. பதின்மூன்று வார வரைபடம்

முதல் வாரமே ஆணுறை வேண்டாம், மரணமும் வேண்டாம். முதல் மூன்று வாரம் காதல், கல்யாணம், நட்பு, மறுக்கத் தெரியாமை ஆகியவை. நான்காவது வாரத்திலிருந்து உடல். ஆறிலிருந்து எட்டு வரை ஆணுறை, ஊசி, 72 மணி நேரம். ஒன்பதும் பத்தும் பரிசோதனை. மீதி மூன்றும் எச்.ஐ.வி. உள்ளவரோடு வாழ்வது, கல்யாணம், குழந்தை. கேட்பவருக்கு உங்கள் குரல் பழக்கமாகும் வரை உடலைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை கிடைப்பதில்லை.

ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் நாடகத்துக்கு ஏழு நிமிடம், பெட்டியில் வந்த கேள்விகள் இரண்டுக்கு ஐந்து நிமிடம், வழி சொல்ல ஒரு நிமிடம், மீதி பாட்டு. ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு செய்தி மட்டும். இரண்டாவது செய்தி உள்ளே வந்தால் இரண்டும் தங்காது.

2000-களின் தொடக்கத்தில் தமிழகச் சுவர்களில் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" என்று எழுதியிருந்தது பலருக்கும் நினைவிருக்கும். டீக்கடை வரை அந்தக் கேள்வி போனது. பதில் என்ன என்று இப்போது கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். உங்கள் முன்னோட்ட அறிவிப்பில் ஆவலைத் தூண்டுங்கள், தவறில்லை. ஆனால் கேள்வி போன வாரத்திலேயே பதிலும் போக வேண்டும்.

7. நாடகம் எழுதுதல்

மூன்று வகைப் பாத்திரங்கள் தேவை. நல்ல முடிவெடுப்பவர், கெட்ட முடிவெடுப்பவர், இரண்டுக்கும் நடுவே அல்லாடுபவர். தான்சானியாவில் 1993-இல் தொடங்கிய வானொலித் தொடர் நாடகம் ஒன்றில் இந்த முறையைக் கையாண்டார்கள், ஊருக்கு ஊர் உறவு வைத்திருந்த லாரி ஓட்டுநர் ஒருவன் அதில் முக்கியப் பாத்திரம். புதியவர்கள் கெட்டவனுக்கே அதிக வசனம் எழுதுகிறார்கள், ஏனென்றால் எழுதச் சுவையானவன் அவன்தான். நிமிடங்களை அல்லாடுபவனுக்குக் கொடுங்கள். கேட்பவர் தன்னைக் காண்பது அவனிடத்தில்தான்.

கடைசி வாரத்தில் கெட்டவனைச் சாகடிக்கும் ஆசை வரும். 1993-இல் தான்சானியாவின் சாதாரண மக்களுக்கு மருந்து எட்டவில்லை. இந்தியாவில் 2004 ஏப்ரல் 1 முதல் அரசு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியது, முதல் எட்டு இடங்களில் தாம்பரமும் ஒன்று. இன்று ஒரு பாத்திரத்தைத் தண்டனையாகச் சாகடித்தால் அது பொய். அவனை மருந்து வாங்கும் வரிசையில் நிற்கவையுங்கள். அந்தக் காட்சியை எழுதுவது கடினம், கேட்பவர் மனத்தில் நிற்பதும் அதுதான்.

உபதேசத்தை வசனத்திலிருந்து எடுத்துவிட்டு ஒலியில் வையுங்கள். மருந்துக் கடைக் காட்சி ஒன்று எழுதினோம். பையன் இருமல் மிட்டாய் கேட்கிறான், பிறகு தலைவலி மாத்திரை, பிறகு பேச்சே இல்லை. கடைக்காரர் எதையோ செய்தித்தாளில் சுற்றும் சரசரப்பு, நூல் அறுபடும் ஓசை, சில்லறை. ஆணுறை என்ற சொல்லே வரவில்லை. நான் எழுதியதில் அதிகம் பேசப்பட்டது அந்த ஒன்றரை நிமிடம்தான்.

ஆனால் பயன்படுத்தும் முறையைச் சொல்லும் நிகழ்ச்சியில் இந்த நாசூக்கு உதவாது. வானொலி கண்ணுக்குக் காட்டாது, ஆகவே கைகளின் வேலையை வரிசைப்படி சொல்ல வேண்டும். காலாவதித் தேதியைப் பார்ப்பது, உறையைப் பல்லால் கடிக்காமல் விரலால் கிழிப்பது, நுனியில் காற்றை அழுத்தி எடுத்துவிட்டு உருட்டுவது, முடிந்ததும் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு வெளியே எடுப்பது, முடிச்சுப் போட்டுக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவது. ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு நொடி இடைவெளி விடுங்கள். தேங்காய் எண்ணெய் தடவக் கூடாது என்பதைத் தனி வாக்கியமாகச் சொல்லுங்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் உறை பலவீனமாகிக் கிழியும். நம் ஊரில் கைக்கு முதலில் அகப்படும் புட்டி அதுதான்.

8. ஒப்புதலும் அடையாள மறைப்பும்

எச்.ஐ.வி. உள்ள ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னால் நிகழ்ச்சியின் எடை கூடும். அதில் நிலையத்தின் பொறுப்பும் கூடும். 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, ஒருவருடைய நிலையை அவர் ஒப்புதல் இல்லாமல் வெளியிட முடியாது.

ஒப்புதலை இரண்டு முறை வாங்குங்கள். பதிவுக்கு முன் ஒன்று, தொகுத்து முடித்ததை முழுக்கக் கேட்கவைத்த பிறகு ஒன்று. ஒலிபரப்பாகும் நிமிடம் வரை "வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு என்று எழுத்திலேயே கொடுங்கள். அப்படி ஒருவர் சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துவிடுங்கள். அந்த இடத்துக்குப் பாட்டு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

மென்பொருளில் குரலைத் தடிமனாக்கிவிட்டால் அடையாளம் மறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். பத்துக் கிலோமீட்டர் வட்டாரத்தில் ஆளைக் காட்டிக்கொடுப்பது குரல் மட்டுமா? கணவர் இறந்த ஆண்டு, இரண்டு பெண் குழந்தைகள், தையல் வேலை என்று மூன்று விவரம் போதும், தெருவே சொல்லிவிடும். அவர் பேச்சை எழுத்தில் இறக்கி, விவரங்களை அவர் சம்மதத்தோடு மாற்றி, வேறொரு குரலில் படிக்கவையுங்கள். வேறு குரல் என்பதைக் கேட்பவருக்கும் சொல்லிவிடுங்கள்.

9. இப்போது மைக்

இந்தப் படிக்கு வந்தபோது வேலை பெரும்பாலும் முடிந்துவிட்டது. மின்விசிறியை நிறுத்துங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் மைக்கை வைத்தால் "ப" ஒலி வெடிக்காது. இலவச மென்பொருளான ஆடாசிட்டியே தொகுப்புக்குப் போதும். பின்னணி இசை பேச்சை விட நன்றாகத் தாழ்ந்திருக்கட்டும், சோக இசை கூடவே கூடாது. நாடக வசனம் அந்தந்த ஊர்ப் பேச்சிலும் கேள்வி பதில் நிதானமான எளிய தமிழிலும் இருக்கட்டும்.

10. முன்கேட்பு

முதல் மூன்று நிகழ்ச்சிகளைக் கரடுமுரடாகப் பதிவு செய்து, முதல் படியில் எழுதிய கூட்டத்திலிருந்து எட்டுப் பேரை அழைத்துப் போட்டுக் காட்டுங்கள். "பிடித்திருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். "இதைக் கேட்காத உங்கள் நண்பருக்கு இதில் என்ன சொன்னார்கள் என்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் வாயிலிருந்து வருவதுதான் நீங்கள் உண்மையில் சொன்ன செய்தி. "மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை" என்று நாங்கள் எழுதியதை ஒருவர் "மூன்று மாதம் வரை பரிசோதிக்கவே கூடாது" என்று சொன்னார். அன்றே திருத்தினோம்: உடனே ஒரு முறை, மூன்று மாதம் கழித்து மறுபடி ஒரு முறை.

11. தொலைபேசி

இந்தத் தலைப்பில் நேரலை அழைப்பு வேண்டாம். உணர்ச்சி வேகத்தில் ஒருவர் தன் பெயரையோ இன்னொருவர் பெயரையோ சொல்லிவிட்டால் அதைத் திரும்ப வாங்க முடியாது. குரல்பதிவில் கேள்வியை வாங்கி அடுத்த வாரம் பதில் சொல்லுங்கள்.

மிஸ்டு கால் கொடுத்தால் திருப்பி அழைக்கிறோம் என்று ஒரு தொடரில் அறிவித்தோம். திருப்பி அழைத்தபோது அப்பா எடுத்தார். "எந்த நிகழ்ச்சி, எதற்காக அழைக்கிறீர்கள்?" என்றார். பாட்டு விருப்பம் என்று சமாளித்தோம். அந்தப் பெண் மறுபடி கூப்பிடவில்லை. அன்றிலிருந்து நாங்கள் யாரையும் திருப்பி அழைப்பதில்லை. எந்த நாள், எந்த மணிக்கு ஆள் இருப்பார் என்று சொல்லிவிடுகிறோம், அவர்களே தங்களுக்கு வசதியானபோது கூப்பிடுகிறார்கள்.

எடுப்பவர் பெயர் கேட்கக் கூடாது. குறிப்பேட்டில் கேள்வி ஒரு பக்கம் இருந்தால் எண் எந்தப் பக்கத்திலும் இருக்கக் கூடாது.

அழைப்பவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம் நினைவில் இருக்க வேண்டும். குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படி கட்டாயம். அந்தச் சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரும் குழந்தைகளே. ஆகவே "உன் அனுபவத்தைச் சொல்" என்று தூண்டாதீர்கள். விவரம் தொடங்கும் முன்பே, எதை ரகசியமாக வைத்திருக்க முடியும், எதை முடியாது என்று சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண்ணான 1098-உம் ஆலோசகரின் எண்ணும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். இதற்காகத்தான் ஐந்தாவது ஆள். தொகுப்பாளரே தொலைபேசியையும் எடுத்தால், அவர் மனம் அடுத்த நிகழ்ச்சிக்கான கதையைத் தேடிக்கொண்டிருக்கும்.

12. என்ன மாறியது என்று எப்படிப் பார்ப்பது

எத்தனை அழைப்பு வந்தது என்ற எண்ணிக்கையை நிர்வாகம் விரும்பும். கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது வேறு. தொடருக்கு முன் ஐம்பது பேரிடம் ஐந்து கேள்விகள், முடிந்த பின் அதே கேள்விகள். முடிந்தால் உங்கள் அலை எட்டாத ஊரிலும் ஐம்பது பேரிடம் கேளுங்கள். தான்சானியாத் தொடரில் தொடோமா பகுதிக்கு மட்டும் இரண்டு ஆண்டு ஒலிபரப்பாமல் வைத்து, மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த அளவுக்கு நமக்கு வசதி இல்லை, பக்கத்து வட்டம் போதும்.

நம்பிக்கை மைய ஆலோசகரிடம் ஒரு வெற்றுத்தாள் கொடுத்து வையுங்கள். "வானொலியில் கேட்டு வந்தேன்" என்பவருக்கு ஒரு கோடு. பெயரோ வயதோ முடிவோ வேண்டாம்.

ஒலிபரப்பானதை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பது உரிமத்தின் நிபந்தனை. அதற்குப் பிறகும் அழிக்காதீர்கள், அடுத்த ஆண்டு மறு ஒலிபரப்புக்கு உதவும். மறு ஒலிபரப்புக்கு முன் இரண்டாம் படிக்குத் திரும்பி, மருத்துவமனைக்கு மறுபடி ஒரு முறை நடந்து போய் வாருங்கள். எங்கள் தொடர் ஒன்றை மறுபடி போடவிருந்தபோது மையம் வேறு கட்டடத்துக்கு மாறியிருந்தது. பதின்மூன்று நிகழ்ச்சியிலும் வழி சொல்லும் வாக்கியத்தின் அடியில் இசை ஓடிக்கொண்டிருந்ததால் அதை மட்டும் வெட்டி எடுக்க முடியவில்லை, இரண்டு இரவு உட்கார்ந்து மறுபடி தொகுத்தோம். வழி சொல்லும் அந்த ஒரு நிமிடத்தை இசை கலக்காமல் தனிக் கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.